கையில் பணம் குறைவாக இருக்கும்போது சிறிய வாடகை வீட்டை எப்படிச் சீர்படுத்துவது?

கேள்வி – இளவெயில்

இரண்டு அறைகளும் ஒடுங்கிய சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில் நானும் கணவரும் பள்ளிக்குச் செல்லும் மகளும் என் மாமியாரும் வசித்துவருகிறோம். வீடு அழுக்காக இல்லை. நாள்தோறும் பெருக்கித் துடைக்கிறோம். ஆயினும் எந்தப் பொருளை எடுக்க வேண்டுமானாலும் அதற்கு முன்னால் இருக்கும் வேறு பொருள்களை நகர்த்தியாக வேண்டும். கட்டிலுக்கு அடியில் பைகள், பீரோவின் மேல் கூரையைத் தொடும்வரை அட்டைப்பெட்டிகள், கதவை முழுதாகத் திறக்க விடாமல் அதன் பின்னால் ஒரு துணிமூட்டை. மகள் படிப்பதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த மூலையில் இப்போது பழுதான மின்விசிறியும் தைக்க வேண்டிய துணிகளும் குவிந்திருக்கின்றன.

இது குறித்து நான் படித்த அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கின்றன. ஒரு சாரார், ஒரே அளவிலான பெட்டிகளையும் அடுக்குகளையும் வாங்கி எல்லாவற்றையும் வகைப்படுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு எங்களிடம் பணம் இல்லை. வாங்கினாலும் வைக்க இடம் இல்லை. மற்றொரு சாரார், ஓராண்டாகத் தொடாத எதையும் வெளியேற்றிவிடுங்கள், தேவைப்பட்டால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. மீண்டும் வாங்க முடியும் என்ற உறுதி உள்ளவர்களுக்கே அது பொருந்தும். எங்கள் வீட்டில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுச் சில மாதங்கள் கழித்து அதையே வாங்க நேர்ந்தால், அந்த மாதம் வேறொரு செலவைக் குறைத்தாக வேண்டும். ஆகவே கயிறானாலும் கண்ணாடிப் புட்டியானாலும் கிழிந்த போர்வையானாலும் "இருக்கட்டும்" என்று வைத்துவிடுகிறோம்.

பின்னறையைப் பற்றியும் கேட்க வேண்டும். அதற்கு ஒரே ஓர் ஜன்னல்தான் உண்டு. பகலிலும் விளக்குத் தேவைப்படுகிறது. பீரோ நிற்கும் சுவரில் பூஞ்சணம் படர்கிறது. சுவரில் புதிதாகத் துளையிடக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை. வேலைக்குச் செல்வதால் மாலையில் சிறிது நேரமே எனக்குக் கிடைக்கும்.

மீண்டும் வாங்க வசதியில்லாதவர்கள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்? செலவே இல்லாமலோ மிகக் குறைந்த செலவிலோ அந்த அறையை எவ்வாறு மேம்படுத்தலாம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில் – இருப்பேடு

நான் பண்டகசாலையில் இருப்புக் கணக்கைக் கவனிக்கும் வேலையில் இருப்பவன். வீட்டுக்கும் பண்டகசாலைக்கும் வேறுபாடுகள் பல உண்டென்றாலும், உங்கள் முதல் கேள்வி நாங்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விதான் என்பதால் எழுதுகிறேன்.

பணம் குறைவாக உள்ள வீட்டில் பொருள்களைச் சேர்த்துவைப்பதைச் சோம்பல் என்றோ பேராசை என்றோ சொல்வது அநியாயம். எதிர்பாராத செலவு வந்தால் தாங்க முடியாது என்று அறிந்தவர்கள் முன்னெச்சரிக்கையாகச் செய்யும் காரியம் அது. ஆகவே "கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்" என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நாங்களும் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து எந்தச் சரக்கையும் கழிப்பதில்லை. கிடைப்பதற்கரிய ஓர் உதிரிப்பாகம் பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருப்போம், ஏனென்றால் அது இல்லாத நாளில் இயந்திரமே நின்றுவிடும். எளிதில் கிடைக்கும் திருகாணிகள் அளவுக்கு மீறி இருந்தால் குறைத்துவிடுவோம்.

வீட்டில் ஒவ்வொரு பொருளைக் குறித்தும் மூன்றைக் கேளுங்கள். இது இல்லாமற்போனால் உண்மையில் எவ்வளவு இழப்பு? தேவைப்படும் நாளில் இது வேலை செய்யும் நிலையில் இருக்குமா? அந்த நாளில் இதை என்னால் தேடி எடுக்க முடியுமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். அடுத்த இரண்டையும் பெரும்பாலோர் கேட்பதில்லை, ஆனால் வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள்களில் பல அந்த இரண்டில்தான் தோற்றுப்போகின்றன.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதால் ஒரு பொருள் கெடாது என்று நாம் எண்ணுகிறோம். பல பொருள்களுக்கு அது பொருந்தாது. ரப்பரும் துணியில் தைத்த எலாஸ்டிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலேயே இறுகி வெடிக்கும். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணிகளைப் பெட்டியிலேயே புதிதாக வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் அந்த வேதிப்பிணைப்பைச் சிதைத்து, சில ஆண்டுகள் கழித்து அணியும்போது அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். மின்கலங்களைப் பொம்மைக்குள்ளோ டார்ச்சுக்குள்ளோ விட்டுவைத்தால் அவை கசிந்து கருவியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ரசீதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாளில் அச்சானவை. உத்தரவாதத்துக்காக அவற்றை வைத்திருந்தாலும் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும் என்பதால், வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைப்பது மேல். மறுபுறம் இரும்புக் கருவிகள், கண்ணாடி, நல்ல பருத்தித் துணி, கெட்டியான மரம் ஆகியவை ஈரமும் பூச்சியும் அண்டாமல் வைத்தால் பல்லாண்டுகள் நிலைக்கும். மீண்டும் வாங்க வசதியில்லாத வீடு முதலில் காக்க வேண்டியவை இவைதான்.

தேடி எடுக்க முடியாத பொருளும் இல்லாத பொருளும் ஒன்றே. வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறது என்று தெரிந்தும் கிடைக்காமல் இன்னொன்று வாங்கினீர்களானால், அந்த நெரிசலுக்கு நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். ஒரு வகைப் பொருள் முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாலே, எத்தனை இரட்டிப்புகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டில் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பார்கள் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டார்கள். குவளை கைக்கு வந்து சற்று நேரமே ஆகியிருந்தும், வைத்திருந்தவர்கள் கேட்ட விலை மற்றவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கையில் இருப்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணுக்கு உயர்ந்துவிடுகிறது. ஆகவே தயக்கம் வரும்போது "இதைக் கொடுத்துவிடலாமா" என்று கேட்காமல், "இது என்னிடம் இல்லையென்றால் இதைப் பெறுவதற்கு எவ்வளவு செலவிடுவேன்" என்று கேளுங்கள். ஒன்றும் செலவிட மாட்டேன் என்பது விடையானால் முடிவு எளிது.

வேலை செய்யும் முறையைப் பொறுத்தவரை, முழு வீட்டையும் ஒரே நாளில் கலைக்காதீர்கள். பரப்பி வைக்க இடமில்லாத வீட்டில் அது பாதியில் நின்று நிலைமையை மோசமாக்கும். ஒரு மாலைக்கு ஓர் இழுப்பறை அல்லது ஒரு பை போதும். யோசனையே தேவைப்படாதவற்றில் தொடங்குங்கள்: காலாவதியான மருந்துகள், எழுதாத பேனாக்கள், மூடி தொலைந்த டப்பாக்கள், எந்தக் கருவிக்கு உரியவை என்று தெரியாத மின்கம்பிகள். கண்ணாடிப் புட்டி, துணிப்பை, கயிறு போன்றவை அடிக்கடி பயன்படுவன. அவற்றை ஒழிக்க வேண்டியதில்லை, எல்லை வகுத்தால் போதும். பைகளுக்கு ஒரு பை, புட்டிகளுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டு, அதில் அடங்காதவற்றை மட்டும் விடுங்கள். எண்ணிக்கையை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், இடமே தீர்மானித்துவிடும்.

தைக்க வேண்டிய துணிகளுக்கும் பழுதான மின்விசிறிக்கும் ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளுக்குள் சரிசெய்யப்படவில்லையென்றால் அந்த வேலை நடக்கப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மகளுக்குச் சிறிதாகிப்போன ஆடைகள் உறவில் ஒரு குழந்தைக்குப் போகும் என்றால், அளவை எழுதி ஒட்டி இப்போதே அனுப்பிவிடுங்கள். அவர்கள் வீட்டில் காத்திருந்தாலும் ஆடைக்குக் குறைவில்லை. யாருக்கு என்று பெயர் சொல்ல முடியாமல் "யாருக்காவது பயன்படும்" என்று கட்டிவைக்கும் மூட்டைதான் ஆண்டுக்கணக்கில் கதவுக்குப் பின்னால் நிற்கும். முடிவு செய்ய இயலாத பொருள்களை ஒரே பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே தேதியை எழுதி வையுங்கள். குறித்த காலம்வரை அதைத் திறக்கத் தேவை எழவில்லையானால் விட்டுவிடலாம்.

அடுக்கும் பெட்டியும் வாங்குவதென்றால் இவையெல்லாம் முடிந்த பிறகே வாங்குங்கள். பெரும்பாலும் அப்போது வாங்கத் தேவையே இருக்காது.


பதில் – வெள்ளையடிப்பவன்

வீடுகளுக்கு வண்ணம் பூசுவதும் சிறு பழுது பார்ப்பதும் என் தொழில். மேலே எழுதியவர் பொருள்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் அந்தப் பின்னறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். தரையிலிருந்து சுவர் வழியே ஏறும் ஈரம் சுவரின் அடிப்பகுதியில், பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்துக்குள், அலையலையான கறையாகத் தெரியும். அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். குழாய்க் கசிவோ கூரைக் கசிவோ ஆனால் ஓரிடத்தில் திட்டாகத் தோன்றி, மழைக்குப் பின்போ நீர் புழங்கும்போதோ பெரிதாகும். மூன்றாவது, அறைக்காற்றின் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிவது. இது மூலைகளிலும் காற்றுப் புகாத பீரோவின் பின்புறத்திலும் கரும்புள்ளிகளாக வரும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் மூன்றாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓரிரு நாள்கள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதை உங்களால் சரிசெய்ய இயலாது, வீட்டு உரிமையாளரிடம் படத்துடன் எழுத்தில் தெரிவியுங்கள்.

அறைக்காற்றுதான் காரணமென்றால் செலவில்லாமலே பெருமளவு குறைக்கலாம். பீரோவைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர்வரை முன்னால் இழுத்துவையுங்கள். இயலுமானால் வெளிச்சுவரை விட்டு, இரு அறைகளுக்கும் இடைப்பட்ட உட்சுவருக்கு மாற்றுங்கள். உட்சுவர் அவ்வளவாகக் குளிராது. பீரோவின் மேல் கூரைவரை அடுக்கிய பெட்டிகள் காற்றோட்டத்தை முற்றாகத் தடுக்கின்றன என்பதால் அவற்றில் பாதி குறைந்தாலும் வேறுபாடு தெரியும். ஒருமுறை துவைத்த துணிகளை வீட்டுக்குள் உலர்த்தினால் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் அறைக்காற்றில் கலக்கும். வேறு இடமில்லையென்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, அறைக்கதவை மூடி உலர்த்துங்கள். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் திரும்ப வரும். வெளிக்காற்று உலர்வாக இருக்கும் வேளையில் எதிரெதிர்த் திறப்புகளைச் சிறிது நேரம் ஒருசேரத் திறந்துவைப்பது, ஒற்றை ஜன்னலை நாள் முழுவதும் சற்றே திறந்துவைப்பதைவிடப் பயன் தரும். மழை பெய்து வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அதனால் பயனில்லை. பூஞ்சணத்தின் மேலேயே வண்ணம் பூசிவிடலாம் என்று பலர் கேட்கிறார்கள். அது வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மீண்டும் வரும், பூசிய செலவு வீணாகும்.

அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். அட்டை ஈரத்தை உறிஞ்சும். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அதன் மடிப்புகள் நல்ல இருப்பிடம். துணியையும் தாளையும் அட்டையில் வைப்பதைத் தவிர்த்து, மூடியுள்ள பழைய வாளி, தகரப்பெட்டி, பயணப்பெட்டி என்று வீட்டில் ஏற்கெனவே உள்ளவற்றில் வையுங்கள். எப்போதாவது மட்டுமே பயன்படும் பயணப்பெட்டி பல வீடுகளில் வெறுமனே கிடக்கிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். முதலில் ஜன்னல் கண்ணாடியின் இருபுறத்தையும், விளக்கையும், அதன் மேல்மூடியையும் துடையுங்கள். ஜன்னல் திட்டில் இருக்கும் பொருள்களை முழுவதும் அகற்றுங்கள். திரைச்சீலை ஜன்னலை மறைக்காமல் பக்கச் சுவரின் மேல் ஒதுங்கும்படி கட்டுங்கள். வெண்மையான சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும், அடர்ந்த நிறங்கள் அதில் சிறு பங்கையே திருப்பியனுப்பும். உரிமையாளர் அனுமதி தந்து, கையில் இருப்பது ஒரு பரப்புக்கு மட்டுமே போதுமான வண்ணம் என்றால், கூரையின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை பூசுங்கள். பொருள்கள் அதை மறைப்பதில்லை, அறை முழுவதும் அதன் ஒளி பரவும். வீட்டில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி இருந்தால் அதை ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் சாய்த்துவையுங்கள். விழாதபடி அடியைத் தடுத்து நிறுத்துவது முக்கியம்.

மகளின் படிப்பு மூலைக்குக் கூரை விளக்கை மாற்றத் தேவையில்லை. சிறிய விளக்கு ஒன்றிலிருந்து புத்தகத்துக்கு உள்ள தொலைவைப் பாதியாக்கினால், புத்தகத்தின் மேல் விழும் ஒளி நான்கு மடங்காகும். எனவே கவ்வி வைக்கும் சாதாரண மேசைவிளக்கில் 5 வாட் எல்.இ.டி. பல்பு போட்டாலே வாசிப்புக்குப் போதுமான ஒளி கிடைக்கும். வலக்கையால் எழுதும் குழந்தையென்றால் இடப்புறத்திலிருந்து ஒளி வரட்டும், கையின் நிழல் தாளில் விழாது. கூரை விளக்கு பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தால், 800 லூமன் (ஒளி அளவின் அலகு) தரும் ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. அதற்கு ஈடாகும், மின்கட்டணமும் குறையும்.

துளையிடாமல் பொருள்களை வைக்க, கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கிகளும், இரு சுவர்களுக்கு இடையே இறுக்கி நிறுத்தும் கம்பியும் உதவும். உயரமான அடுக்கைச் சுவரோடு பிணைக்க முடியாத வீட்டில் அதைக் குழந்தை இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். கனமானவை கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும். நடக்கும் வழியை 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைத்தால் சிறிய அறையிலும் இடிபடாமல் நடமாடலாம்.

சுவரிலோ கதவிலோ பழைய வண்ணம் உரிந்திருந்தால் அதை உலர்வாக உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு உரிமையாளரிடம் தெரிவிப்பதே பாதுகாப்பானது.


கேள்வியாளர் – இளவெயில்

இருவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்டிக் தாள் சோதனை செய்தோம், வெளிப்பக்கம்தான் நனைந்திருந்தது. பீரோவை உட்சுவருக்கு மாற்றக் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மருந்துகளிலும் மின்கம்பிகளிலும் தொடங்கினேன், யோசிக்கத் தேவையில்லாதவையே இவ்வளவு இருந்தன என்பது வியப்பாக இருந்தது.

இப்போது ஒரு தடை. பீரோவின் மேலுள்ள பெட்டிகள் பெரும்பாலும் என் மாமியாருடையவை. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்கே முழுமையாக நினைவில்லை. பீரோவை நகர்த்த அவற்றை இறக்கியாக வேண்டும். பேச்சை எடுத்தாலே "என் காலம் முடிந்த பிறகு எல்லாவற்றையும் எறிந்துகொள்ளுங்கள்" என்கிறார். அவரை வருத்தாமல் இதை எப்படிச் செய்வது?


பதில் – பின்னிரவுப் பணி

சகோதரி, நான் முதியோரைக் கவனித்துக்கொள்ளும் செவிலியாக வேலை செய்கிறேன். இதே சொற்களைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். உங்கள் மாமியார் பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த வீட்டில் தனக்கு இன்னும் இடமிருக்கிறதா என்று கேட்கிறார். அதற்கு முதலில் விடை சொல்லுங்கள்.

அவர் இல்லாத நேரத்தில் ஒரு பொருளைக்கூட அகற்ற வேண்டாம். அது உடைந்த பொருளாக இருந்தாலும், பின்னர் தெரியவரும்போது எஞ்சியுள்ள எல்லாவற்றையும் அவர் இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார். பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே அவருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்குங்கள். பீரோவில் ஒரு தட்டு, அதுவும் அவர் குனியாமலும் எக்காமலும் எடுக்கக்கூடிய இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். "இது உங்களுடைய தட்டு, உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்து இதில் வையுங்கள், அத்தை" என்று சொல்லுங்கள். எதை விடுவது என்று கேட்டால் பெரியவர்கள் மனம் மூடிக்கொள்ளும். எதை அருகில் வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டால் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். பேத்தியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு பொருளின் கதையைக் கேட்க ஆளிருந்தால், அந்தப் பொருளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பல நேரங்களில் தணிவதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி போதும். அவர் களைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இடத்தைக் காரணம் காட்டுவதைவிட அவருடைய பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வது உண்மையும்கூட. உலகெங்கும் தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடியாக இருப்பது தவறி விழுதல்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதில் மிகுதியாக உயிரிழப்பவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். அவர் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை உள்ள வழியை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். தரையில் பையோ கம்பியோ மடிந்த விரிப்போ இருக்கக் கூடாது. இரவில் அந்த வழியில் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். தலைக்கு மேல் அடுக்கிய பெட்டியை அவர் நாற்காலி மேல் ஏறி எடுக்கும் நிலை ஒருபோதும் வரக் கூடாது.

தேதி எழுதி ஒட்டிவைக்கும் பெட்டியைப் பற்றி மேலே எழுதியவரோடு நான் உடன்படவில்லை. தனியாக வாழ்பவருக்கு அது பொருந்தலாம். பெரியவர் ஒருவருடைய பொருள்களை அப்படி ஒட்டிவைத்தால் அவருக்கு அது பறிமுதல் போலத்தான் தோன்றும். சிறிய வீட்டில் அது இன்னொரு பெட்டியாகவே மேலே ஏறி அமர்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பொருள்களைச் சேர்ப்பது சிலருக்கு நோயாகவும் இருக்கக்கூடும். படுக்கவோ சமைக்கவோ முடியாத அளவுக்கு இடம் அடைபட்டு, எதைப் பிரிந்தாலும் தாங்க முடியாத வேதனை ஏற்பட்டால், அது பொருள் சேர்க்கும் கோளாறாக இருக்கலாம். 2013ஆம் ஆண்டு முதல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்த நிலையில் வீட்டாரின் வற்புறுத்தல் பயன் தராது, மருத்துவரின் உதவி வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மாமியாரின் நிலை அதுவன்று.


பதில் – இருப்பேடு

செவிலியார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒட்டிவைக்கும் பெட்டி உங்கள் சொந்தப் பொருள்களுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு பெட்டி என்ற எல்லையுடன் இருக்கட்டும்.


பதில் – சோதனைக்குழாய்

வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையில், துப்புரவின்போது நேரும் சில ஆபத்துகளை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். பூஞ்சணத்தைத் துடைக்கப் பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தினால், அதோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு கலந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். அடைபட்ட சிறிய அறையில் இரண்டும் மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். சுவரில் சிறிதளவு படர்ந்த பூஞ்சணத்துக்குச் சோப்பு நீரும் நன்றாக உலரவிடுவதுமே போதும். உலர்ந்த துடைப்பத்தால் அதைத் தட்டினால் அதன் நுண்வித்துகள் அறையெங்கும் பறக்கும், ஆகவே ஈரத்துணியால் துடைத்து, முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

பெட்டிகளில் பாச்சை உருண்டைகள் இருந்தால் கவனம் தேவை. அவற்றில் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியும் அது படிந்த துணியும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். அந்தத் துணிகளைத் துவைத்து, திறந்த வெளியில் நன்றாகக் காற்றாட விட்டபின் குழந்தைக்கு உடுத்துங்கள்.

பழைய கைப்பேசிகள் கிடைத்தால் அவற்றின் மின்கலம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. சாதாரணக் குப்பையில் போட்டால் அது நசுங்கும் இடத்தில் தீப்பற்றும். எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாதபடி உலோகப் பாத்திரத்தில் மணலின் மேல் வைத்து, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்கும்வரை வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத இடத்தில் வைத்திருங்கள்.